எஞ்சின் மாசானத்தின் கல்யாணம்

ஓணாங்குறிச்சிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர்கள் சொன்ன சொல்லைக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். ஒருமுறை சுகாதார நர்சம்மா வந்து, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே அடுப்பைச் சுற்றி நின்று கொதிக்கக் கொதிக்கக் குடித்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அங்கே யாருக்கும் நாக்கு புரளவில்லை. பக்கத்து ஊரில் இருக்கிற எங்களுக்கு அந்த அமைதி ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த ஊருக்கு ஒரு ரயில் நிலையம் உண்டு. அது வந்த விதமே தனி. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வழியாகப் போன கரி எஞ்சின் தண்ணீர் தீர்ந்து நடுக்காட்டில் நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்துபோய் ஊற்றினார்கள். துரைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நின்ற இடத்திலேயே ஒரு ஸ்டேஷனைக் கட்டிக்கொடுத்தான். பிற்பாடு டீசல் எஞ்சின் வந்தபோதும் பெண்கள் குடத்தோடு போய் நின்றார்கள். டிரைவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டால், "கூச்சப்படாதீங்க அண்ணாச்சி, நல்ல தண்ணிதான்" என்று சொல்லி ஊற்றிவிட்டுத்தான் வருவார்கள்.

பிறகு அகலப்பாதை போட்டார்கள். ரயில் பெரிதானது, வேகமானது, ஓணாங்குறிச்சியில் நிற்காமல் போக ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றியதுதான் காரணம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஸ்டேஷன் கட்டடம் மட்டும் ஓட்டுக் கூரையோடு அப்படியே நின்றது, உள்ளே ஆடுகள் படுத்துக்கிடந்தன.

ரயில் நிற்காததால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, மாசானத்தைத் தவிர. மாசானம் நல்ல உழைப்பாளி. வயது முப்பத்தைந்து ஆகியும் கல்யாணம் கூடிவரவில்லை. பனையூர் சொரிமுத்துவின் மூத்த மகள் வள்ளிமயிலைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. தட்டு மாற்றவேண்டிய நேரத்தில்தான் சொரிமுத்து தொண்டையைச் செருமினார்.

"எங்க பனையூர்ல ரயில் நிக்கி. நாளைக்கு எம்மவ ஒரு நெனப்பு நெனச்சான்னா, ரயிலேறித் தாய்வீட்டுக்கு வந்து எறங்கணும். ரயில் நிக்காத ஊருக்கு எப்பிடி வே பொண்ணக் குடுக்க? உங்க ஊர்ல ரயில் நிக்கிறத நான் எங்கண்ணால பாக்கணும். பாத்துட்டா மறுநாளே தாலி. இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்."

ஓணாங்குறிச்சியிலிருந்து பனையூர் நடக்கிற தூரம்தான். மாசானம் நடந்துதான் போயிருந்தான், நடந்துதான் திரும்பினான். அது அவனுக்கும் தோன்றவில்லை, சொரிமுத்துவுக்கும் தோன்றவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் தளவாய் உடனே ரயில்வேக்கு மனுப் போட்டார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற பிரிவிலிருந்து ஜெயசீலி என்று ஒரு அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மனுஷி. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கூரை ஓடுகளை எண்ணினார், தூணைத் தட்டினார், ஆட்டை விரட்டினார்.

"அருமையான கட்டடங்க இது," என்றார். "பாரம்பரிய ஸ்டேஷனா அறிவிக்கச் சொல்லி நான் எழுதுறேன். அப்படி ஆயிட்டா பாசஞ்சர் வண்டி தினமும் இங்க நிக்கும். ஆனா ஒண்ணு. பழைய காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். அழகு பண்றேன்னு எதையும் புதுசாக்கி வைக்காதீங்க. அடுத்த மாசம் பாசஞ்சர்லயே வர்றேன். அன்னைக்கு மட்டும் இங்க நிறுத்த ஏற்பாடு பண்ணியிருக்கேன். நான் வந்து இறங்கும்போது, அந்தக் காலத்து ஸ்டேஷன் உயிரோட கண் முன்னால நிக்கணும்."

"ஒண்ணு விடாமயா மேடம்?" என்று கேட்டார் தளவாய்.

"ஒண்ணு விடாம," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார் ஜெயசீலி. வேறு ஊராக இருந்தால் அந்தச் சிரிப்பால் ஒன்றும் ஆகியிருக்காது.

அன்றைக்குச் சாயங்காலமே பேராச்சியின் டீக்கடையில் கூட்டம் போட்டார்கள். பேராச்சி அந்தக் காலத்தில் பிளாட்பாரத்தில் வடை விற்றவள். ஸ்டேஷன் விஷயத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"மொதல்ல செவுரு," என்றாள் பேராச்சி. "போன வருசம் கோயில் கொடைக்கு வெள்ளையடிச்சுத் தொலைச்சிட்டிய. அந்தக் காலத்துல செவுரு வெள்ளையாவா இருந்துச்சு? அண்ணாந்து பாத்தாத்தான் வெள்ள தெரியும். கீழ பூரா வெத்தல எச்சி."

தளவாய் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஊரார் முறை வைத்து வந்து துப்பினார்கள். வெற்றிலை போடாதவர்களும் ஊருக்காகப் போட்டுக்கொண்டார்கள். பேராச்சி பக்கத்தில் நின்று, "டிக்கெட் சன்னலுக்குக் கீழ இன்னுங் கொஞ்சம். ஏ, உசரத்துல துப்பாத வே, அந்தக் காலத்துல அவ்வளவு நெட்ட ஆளு யாரும் இல்ல," என்று திருத்திக்கொண்டே இருந்தாள்.

அடுத்தது விளக்கு.

"பிளாட்பாரத்துல ஒரு வெளக்கு இருந்துச்சுல்லா?" என்றார் தளவாய்.

"இருந்துச்சு. களவு போயிட்டு."

"அப்பம் வெளக்கு இல்லாமத்தானே இருந்துச்சு. இப்பவும் இல்ல. கணக்கு சரியாப் போச்சு."

"அதெப்படி அண்ணாச்சி?" என்றாள் பேராச்சி. "வெளக்கு இல்லாம இருக்கது வேற, களவு போயி இல்லாம இருக்கது வேற. மேடம் படிச்சவுக. பாத்தாலே கண்டுபிடிச்சிருவாவ."

இதில் நியாயம் இருந்ததாக எல்லோருக்கும் பட்டது. ஆகவே புதிதாக ஒரு விளக்கு வாங்கித் தொங்கவிட்டார்கள். அப்புறம் கொம்பையாவைத் தேடிப் போனார்கள். அந்தக் காலத்து விளக்கை எடுத்தது அவன்தான் என்று ஊருக்கே தெரியும். இப்போது அவன் திருந்தி, வருஷம் தவறாமல் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவன்.

"நான் களவ விட்டு எத்தன வருசமாச்சு!" என்று காதைப் பொத்திக்கொண்டான் கொம்பையா.

"ஊருக்காக ஒரே ஒரு தடவ," என்றார் தளவாய்.

"பாவம்லா அண்ணாச்சி."

"மாசானம் கல்யாணம் நடக்க வேண்டாமா? புண்ணியம் வே."

கடைசியில் ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் கொம்பையா விளக்கைத் திருடினான். பழக்கம் விட்டுப்போனதால் இரண்டு தடவை ஏணியிலிருந்து விழுந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். தளவாய் அவனுக்குத் துண்டு போர்த்தினார்.

சுவர் ஆயிற்று, விளக்கு ஆயிற்று, ஆடுகளைத் திரும்பவும் உள்ளே படுக்கவைத்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்திருக்கும்போது, மூலையில் இருந்த மாசானம் மெதுவாகக் கேட்டான்.

"ஏன் தலைவரே, அந்தக் காலத்து ஸ்டேஷன்ல ரயிலும் இருந்துச்சுல்லா?"

எழுந்தவர்கள் திரும்பவும் உட்கார்ந்தார்கள். மேடம் ஒன்று விடாமல் என்று சொல்லியிருக்கிறார். ரயிலையே விட்டுவிட்டால் எப்படி?

நெடுநேரம் யோசித்து, ஊரே ரயிலாகிவிடுவது என்று முடிவாயிற்று. கிணற்றுக் கயிற்றை நீளமாக வளைத்துக் கட்டினார்கள். கயிற்றுக்குள்ளே நிற்கிறவர்கள் பயணிகள். முன்னால் எஞ்சினாக மாசானம் நின்றான். அவனுக்குத்தானே அவசரம். தலையில் தகர டப்பா, கையில் சாம்பிராணித் தூபக்கால். புகை விட்டுக்கொண்டே அவன் "கூ" என்று கத்துவதைக் கேட்டால் யாருக்கும் மனம் இளகும். கடைசியில் கார்டாகக் கொம்பையா நின்றான். தண்டவாளத்தின் மேல் நடப்பது குற்றம் என்று பலகை இருந்ததால், தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையிலேயே ரயில் ஓடியது. புளியமரத்தடியில் கிளம்பி, ஸ்டேஷனில் நின்று, வடக்குத் தெரு வழியாக ஊர் முனைக்குப் போய்ச் சேரும்.

முதல் நாளே பேராச்சி ஒரு குற்றம் கண்டுபிடித்தாள்.

"வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துட்டு. இது எந்த ஊரு வழக்கம்? நம்ம வண்டி என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?"

"சரி, லேட்டா வரட்டும்," என்றார் தளவாய். "எந்த நேரத்துக்கு லேட்டா?"

"வரவேண்டிய நேரத்துக்கு லேட்டா."

"வரவேண்டிய நேரம் எது?"

அது ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு வண்டி ஒருநாளும் வந்ததில்லை, பிறகு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். மாசானம் புளியமரத்தடியில் நிற்க வேண்டியது. பிளாட்பாரத்தில் ஜனங்கள் காத்திருந்து காத்திருந்து ரயிலை ஏச ஆரம்பிப்பார்கள். ஏச்சு நன்றாக முற்றியதும் அவன் வரலாம்.

அப்படியே நடந்தது. பேராச்சி எஞ்சினுடைய தாய், தகப்பன், ஏழு தலைமுறை எல்லாவற்றையும் இழுத்து ஏசுவாள். ரயிலைத்தான் ஏசுகிறாள் என்று மாசானத்துக்குத் தெரியும். ஆனாலும் புளியமரத்தடியில் நின்று அதைக் கேட்கும்போது அவனுக்கு அழுகை வரும். வள்ளிமயிலின் முகத்தை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்வான்.

சோதனை நாள் வந்தது. தளவாய் ஒரு வக்கீலிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக ஸ்டேஷன் மாஸ்டராக நின்றார். பேராச்சி வடைச் சட்டியை இறக்கிவைத்திருந்தாள். மாசானத்தின் ரயில் முறைப்படி ஏச்சு வாங்கிக்கொண்டு, முறைப்படி தாமதமாக வந்து பிளாட்பாரத்தில் நின்றது.

அந்தச் சமயத்தில் தெற்கே நிஜ ரயிலின் சத்தம் கேட்டது. பாசஞ்சர் வண்டி சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஐயையோ," என்றார் தளவாய். "ஒரு வண்டி ஸ்டேஷன்ல நிக்கையில இன்னொரு வண்டிய உள்ள விட்டா என்ன ஆகும்? மோதிரும்லா! கொம்பையா, செவப்புக் கொடிய எடுத்துட்டு ஓடு. அவனப் புளியமரத்துக்கு அங்கிட்டே நிறுத்து!"

"நம்ம வண்டியக் கெளப்பிருவோமா தலைவரே?" என்று கேட்டான் மாசானம்.

"நீ இன்னும் டீ குடிக்கலியே," என்றாள் பேராச்சி. "எஞ்சின் டிரைவர் டீ குடிக்காம வண்டியெடுத்ததா இந்த ஸ்டேஷன்ல சரித்திரமே கெடையாது." அடுப்பைப் பற்றவைத்தாள்.

கொம்பையா உயிரைக் கொடுத்து ஓடினான். சிவப்பைக் கண்டதும் டிரைவர் பிரேக்கைப் போட்டார். பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனுக்கு வராமல், சுடுகாட்டுக்குப் பக்கத்தில் பெருமூச்சு விட்டு நின்றது. வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஜெயசீலி இருந்தார். வள்ளிமயிலும், ஊரைச் சோதிக்க வந்த சொரிமுத்துவும் இருந்தார்கள். டிரைவர் விடாமல் ஹார்ன் அடித்தார். அந்தக் காலத்து ஹார்னைவிடச் சத்தம் அதிகம் என்று தளவாய் மனதில் குறித்துக்கொண்டார்.

பொறுத்துப் பார்த்த ஜெயசீலி, ஜல்லியில் குதித்து இறங்கி நடந்து வந்தார். சொரிமுத்துவும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் கொம்பையாவும் கொடியைச் சுருட்டிக்கொண்டு அவர்களோடு வந்துவிட்டான். சிவப்பு மறைந்ததும் டிரைவர் வண்டியை எடுத்தார். நிற்க வேண்டிய நேரமெல்லாம் சுடுகாட்டிலேயே தீர்ந்துவிட்டதால், பிளாட்பாரத்தில் நிற்காமல் கையை மட்டும் வெளியே நீட்டி என்னவோ சொல்லிவிட்டுப் போனார். தளவாய் மிடுக்காகப் பச்சைக் கொடி காட்டி அனுப்பிவைத்தார்.

ஜெயசீலி பிளாட்பாரத்தில் ஏறினார். ஆடுகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, வரவேற்புக் கமிட்டியார் வரிசையாக நின்று சன்னலுக்குக் கீழே ஒரே சமயத்தில் துப்பினார்கள்.

"என்னங்க இது?"

"பாரம்பரியம் மேடம்," என்றார் தளவாய். "அங்கன மேல பாருங்க, வெளக்கு இல்ல பாத்தியளா? களவு போயிட்டு. கொம்பையா, மேடத்துக்கு வணக்கம் சொல்லு. இவன்தான் எடுத்தது."

ஜெயசீலி கொம்பையாவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் கடைசியில். "நின்னு போறதுக்குன்னு வந்த வண்டியை நீங்களே மறிச்சு விரட்டிட்டீங்களே!"

"பிளாட்பாரம் காலியில்ல மேடம்," என்று கயிற்றைக் காட்டினார் தளவாய்.

கயிற்றுக்குள்ளே இருந்த பயணிகள் கையசைத்தார்கள். மாசானம் ஒரு "கூ" கொடுத்தான்.

"நான் இருக்கிற வரைக்கும்," என்றார் ஜெயசீலி, "இந்த ஊர்ல ரயில் நிக்காது!"

தளவாயின் முகம் தெளிந்தது. "அதனால என்ன மேடம், நீங்க இப்பம் போயிருவியள்லா?" என்றவர் திரும்பி, "மாசானம், டீ போதும். மேடத்த ஏத்திட்டுப் போயி பஸ் ரோட்ல எறக்கி விட்டுட்டு வா. சீக்கிரம்," என்றார்.

வேறு போக்கிடம் இல்லாததால் அந்த அம்மாள் கயிற்றுக்குள் ஏறிக்கொண்டார். சன்னலோரம் தருகிறோம் என்று ஜனங்கள் கயிற்றை ஒட்டி இடம் விட்டார்கள். ஒரு செருப்பு வழியில் தவறிப்போனதைத் தவிர அவருடைய பயணத்தில் வேறு குறையொன்றும் இல்லை.

இந்தப் பக்கம் பிளாட்பாரத்தில் தளவாய் சொரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியளா அண்ணாச்சி, ரயில் நின்னுச்சுல்லா? சுடுகாடும் எங்க ஊரு எல்லைதான்."

சொரிமுத்து தலையை ஆட்டினார். "நான் பாக்கலியே வே."

"என்னது? அதுலதானே வந்திய!"

"அதத்தான் சொல்லுதேன். ரயில் நிக்கிறத வெளிய இருக்கவன்லா பாக்க முடியும்? நான் உள்ள இருந்தேன். மரம் ஓடிச்சு, ஓடிச்சு, பொறவு மரம் நின்னுச்சு. உங்க ஊர்ல மரம் நிக்கிறத எங்கண்ணால பாத்தேன். அதுக்கா பொண்ணு குடுக்க முடியும்?"

தளவாய்க்கு அதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. வள்ளிமயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வரனும் போயிற்று என்று அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு தூணோடு சாய்ந்து நின்றாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது தூரத்தில் "கூ" என்று கேட்டது. அதிகாரியை இறக்கிவிட்டு மாசானம் திரும்பி வந்துகொண்டிருந்தான். புகையும் கயிறும் ஆளுமாக வந்து, சொரிமுத்துவின் மூக்குக்கு நேராகப் பிளாட்பாரத்தில் நின்றான்.

சொரிமுத்து எஞ்சினிலிருந்து கார்டு வரைக்கும் ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இது என்ன வே?"

"எங்க ஊரு வண்டி," என்றார் தளவாய்.

"இப்பம் என்ன பண்ணுது?"

"நிக்கி."

சொரிமுத்து குனிந்து மாசானத்தின் கால்களைப் பார்த்தார். இரண்டும் அசையவில்லை.

"ஆமா," என்றார். "நிக்கி."

"எப்பா, நீங்க வெளியதான நிக்கிய?" என்று கேட்டாள் வள்ளிமயில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உள்ள இல்லியே?"

"வெளியதான் நிக்கேன். கண்ணால பாத்தாச்சு. நாளைக்கே தாலி!" என்றார் சொரிமுத்து. மாசானம் சந்தோஷத்தில் தூபக்காலைக் காலில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனிலேயே கல்யாணம் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது, பாயசத்தில் மட்டும் சாம்பிராணி வாடை அடித்தது. பந்தி முடிந்ததும் சொரிமுத்து வீட்டார் அழுதுகொண்டே நடந்து பனையூருக்குப் போய்விட்டார்கள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். எப்படிப் போவது என்ற கேள்வியே எழவில்லை. மாலையும் கழுத்துமாக மாசானம் எஞ்சினில் நின்றான், வள்ளிமயில் முதல் பெட்டியில் ஏறினாள். கொம்பையா கடைசியில் நின்று விசில் ஊத, ரயில் கிளம்பியது.

வடக்குத் தெருவில் மாசானத்தின் அம்மா ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் காத்திருந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து, நல்ல சிவப்பாக ஆரத்தி கரைத்துவைத்திருந்தாள். ரயில் தெருவில் திரும்பியதும் தட்டை உயரத் தூக்கினாள்.

"செவப்பு!" என்று கத்தினார் தளவாய். ரயில் நின்றுவிட்டது.

"எறங்கு தாயி, வலது கால எடுத்து வச்சு உள்ள வா," என்றாள் ஆவுடையம்மாள்.

"எறங்கப்படாது," என்றார் தளவாய். "இது ஸ்டேஷன் இல்ல. சிக்னலுக்கு நிக்கோம். பிளாட்பாரம் இல்லாத எடத்துல எறங்கினா குத்தம்."

"அப்பம் எங்க எறங்கணும்?"

"ஊர் முனையில."

"அங்க எனக்கு வீடு இல்லியே," என்றாள் வள்ளிமயில்.

பச்சை காட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பச்சை காட்டினால் வண்டி போய்விடும். சிவப்பு காட்டினால் நிற்கும், இறங்க முடியாது. இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்து எல்லோரும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆவுடையம்மாளுக்குக் கை வலித்தது.

"ஒரு வழி இருக்கு," என்றாள் பேராச்சி. "செயின இழுத்து எறங்கலாம். கயித்த இழு தாயி."

"ஆபத்துன்னாத்தான் செயின இழுக்கலாம்," என்றார் தளவாய். "இவளுக்கு என்ன ஆபத்து?"

"மாமியா வீட்டுக்குப் போறாள்லா அண்ணாச்சி. இதவிட ஆபத்து என்ன இருக்கு?"

தளவாய் கறுப்புக் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு யோசித்தார். "நியாயந்தான்," என்றார். "ரொம்பப் பெரிய ஆபத்துதான். இழுக்கலாம்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ஆவுடையம்மாள் மட்டும் ஆட்டவில்லை. "ஏ, நானாட்டி ஆபத்து?" என்று ஒரு சத்தம் போட்டு, ஆரத்தித் தட்டைப் பேராச்சி மேல் விசிறினாள். பேராச்சி விலகிக்கொண்டாள். சிவப்பு முழுக்க மாசானத்தின் நெஞ்சில் விழுந்து, வேட்டியில் வழிந்தது.

எல்லோரும் மாசானத்தையே பார்த்தார்கள்.

"செவப்பு வெளக்கு ரயிலுக்கு எங்க இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார் தளவாய்.

"கடைசிப் பெட்டிக்குப் பின்னால," என்றான் கார்டு கொம்பையா.

"அப்பம் இவன் எஞ்சின் இல்ல. இவன்தான் வண்டியோட பின்பக்கம். இவ்வளவு நேரமும் நாம வண்டிய ரிவர்ஸ்ல ஓட்டிட்டு வந்திருக்கோம் வே!"

எல்லோருக்கும் குலை நடுங்கிப்போயிற்று. நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சட்டென்று அப்படியே திரும்பி நின்றார்கள். தூபக்கால் கைமாறிப் பின்னாலிருந்த கொம்பையாவிடம் போய்ச் சேர்ந்தது. அவன் ஒரு "கூ" வைத்தான். ரயில் வந்த வழியே ஓட ஆரம்பித்தது. "ஏ மாசானம், மருமவள விட்டுட்டுப் போடா!" என்று ஆவுடையம்மாள் காலித் தட்டோடு துரத்திப் பார்த்தாள். நடுவழியில் எப்படி இறக்குவது?

கொம்பையா புது எஞ்சின். எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாராவது சிவப்புக் காட்டினால் நிற்கலாம் என்று பார்த்துக்கொண்டே ஓடினான். எல்லோருமே ரயிலுக்குள் இருந்ததால் ஸ்டேஷனில் காட்டுவதற்கு ஆள் இல்லை. புளியமரம் போயிற்று, சுடுகாடு போயிற்று. தண்டவாளத்தை ஒட்டிய பாதையிலேயே ரயில் தடதடவென்று ஓடியது.

பனையூரில் தண்டவாளத்தின் ஓரமாக இருந்த தன் வீட்டு வாசலில் சொரிமுத்து உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய துக்கம் தாங்கவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கொம்பையா சடாரென்று நின்றான். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இங்க எறங்கலாமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் வள்ளிமயில்.

"பனையூர்தானே? ரயில் நிக்கிற ஊருதான். தாராளமா எறங்கலாம்," என்றார் தளவாய்.

கழுத்து மாலையோடு மகள் இறங்கி வருவதைப் பார்த்ததும் சொரிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அழுகை எங்கே போயிற்றோ தெரியவில்லை. வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏட்டி, ஓடியா! நான் அப்பவே சொன்னேம்லா? ரயில் நிக்கிற ஊர்ல பொண்ணக் குடுத்த பலனப் பாரு! கட்டிக்குடுத்த அன்னைக்கே எம்மவ ரயிலேறித் தாய்வீட்டுக்கு வந்துட்டா!"

பிறகு கயிற்றைத் தாண்டி வந்து தளவாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "தலைவரே, எனக்கு இளையவ ஒருத்தி இருக்கா. அவளுக்கும் உங்க ஊர்லயே ஒரு மாப்பிள்ள பாருங்க. நல்ல எக்ஸ்பிரஸா இருக்கணும்."